எழுதிய முகத்தை மீண்டும் எழுதுவது

பழைய லண்டன் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் ரோபியின் புருவத்தை இதுவரை நாற்பது முறையாவது வரைந்திருப்பேன். தடித்த கறுப்பு வளைவுகள் இரண்டு, அவற்றின் கீழே இரண்டு புள்ளிகள், சிவந்த மூக்கு, தலைமேல் தட்டையாக அமுங்கிய ஒரு தொப்பி. இவ்வளவுதான் அந்த முகம். சனிக்கிழமைதோறும் என்னிடம் ஓவியம் கற்க வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட ஒருமுறை பார்த்துவிட்டு, மறுமுறை திரும்பிப் பார்க்காமலேயே அதை வரைந்துவிடுகிறது. அப்படியிருக்க, நாற்பது முறை வரைந்தும் எனக்கு ஒன்றுகூட நிறைவு தரவில்லை. அது ஏன் என்று பல மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்ததில் பிடிபட்ட சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரோபி என்பவர் யார், கிருஷ்ணகிரியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் எப்படி அறிமுகமானார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் அப்பா போர்டு எழுதுபவர். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு, பழையபேட்டைக் கடைகளின் பெயர்ப்பலகைகள், நாடக விளம்பரத் தட்டிகள், மாம்பழ மண்டிகளின் சுவர் எழுத்துகள் என்று ஊரில் பாதி அவருடைய கையெழுத்தாகவே இருந்தது. ஆங்கில எழுத்து வகைகளைப் பார்த்துப் பழகுவதற்காக, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வந்த பைண்டு புத்தகங்களை அவர் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றுள் அட்டையும் முதல் சில பக்கங்களும் போன ஓர் ஆங்கில மாத இதழ்த் தொகுப்பும் இருந்தது. அதன் நடுவே கறுப்பு மசியில் அச்சான பத்துப் பன்னிரண்டு கேலிச்சித்திரங்கள். குள்ளமான ஒருவர் படகு போன்ற பூட்ஸ் போட்டு நிற்கிறார், ஒருவர் கோணல் தடியை ஊன்றிச் சிரிக்கிறார், ஒருவர் புருவத்தை நெற்றிக்கு ஏற்றி நம்மை அதட்டுகிறார். இவர்கள் எல்லாம் யார் என்று அப்பாவுக்கும் தெரியாது. எழுத்துகளைப் பார்ப்பதற்காக வாங்கிய புத்தகத்தில் நான் மட்டும் இந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். இணையத்தில் லண்டன் அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளைப் பார்க்க வாய்த்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் பெயர் கிடைத்தது.

இவர்கள் எட்வர்டிய காலத்து மியூசிக் ஹால் நகைச்சுவைக் கலைஞர்கள். ஏழாம் எட்வர்டு மன்னர் ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான ஆண்டுகளையும், முதல் உலகப்போர் தொடங்கும் வரையான அடுத்த சில ஆண்டுகளையும் சேர்த்து அப்படிச் சொல்வது வழக்கம். மியூசிக் ஹால் என்பதைச் சங்கீத சபா என்று எண்ணிவிடக் கூடாது. சாராயக்கடைகளோடு ஒட்டியிருந்த பாட்டுக் கூடங்களிலிருந்து பிறந்தது அது. லண்டனின் லாம்பெத் பகுதியில் சார்ல்ஸ் மார்ட்டன் 1852இல் திறந்த கேன்டர்பரி ஹாலை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நான் பேசும் காலத்திலோ அது அரண்மனை போன்ற கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 1901இல் ஹாக்னி எம்பயர், 1904இல் கொலீசியம், 1910இல் பல்லேடியம் என்று ஃபிராங்க் மாட்சம் என்ற ஒரே கட்டடக் கலைஞரே அடுத்தடுத்துக் கட்டித் தள்ளியிருக்கிறார்.

கேலிச்சித்திரக்காரருக்கு முக்கியமான செய்தி கட்டடத்தைவிட அங்கே நடந்த வேலைமுறையில் இருக்கிறது. ஒரு மாலை நிகழ்ச்சியில் பாடகர், கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், நகைச்சுவைக்காரர் என்று பலர் ஒருவர்பின் ஒருவராக வந்து போவார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. பெயர் பெற்ற கலைஞர் அதே இரவில் ஒரு ஹாலில் முடித்துவிட்டு, வேஷத்தோடு வண்டியேறி, அடுத்த ஹாலுக்கும் அதற்கடுத்த ஹாலுக்கும் ஓடுவார். மேடையில் நுழைந்தவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள அரை நிமிடம் எடுத்துக்கொண்டால்கூட அது நஷ்டம். மேல்மாடியின் கடைசி வரிசையில், புகைமூட்டத்துக்கு அப்பால் அமர்ந்திருப்பவரும் நிழலைப் பார்த்த உடனே ‘அவர்தான்’ என்று கைதட்ட வேண்டும். ஆகவே, பெரும்பாலோர் தமக்கென்று ஒரு தொப்பி, ஒரு தடி, ஒரு மூக்கு, ஒரு நடை என்று தீர்மானித்துக்கொண்டு, ஆயுள் முழுவதும் அதை மாற்றாமல் வைத்திருந்தார்கள். மேடையின் விளிம்பில் கீழேயிருந்து அடிக்கும் வெளிச்சம் முகத்தின் இயல்பான நிழல்களை அழித்துவிடும் என்பதால், புருவத்தையும் வாயையும் மையால் மீண்டும் எழுத வேண்டியிருந்தது.

கேலிச்சித்திரம் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும், உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுவது என்பார்கள். பெரிய மூக்கை இன்னும் பெரிதாக்கு, நீண்ட கழுத்தை இன்னும் நீட்டு. ஆனால் மியூசிக் ஹால் கலைஞர் அந்த வேலையைத் தாமே செய்து முடித்துவிட்டுத்தான் மேடைக்கு வருகிறார். 1869இல் பிறந்து, ‘சிரிப்பின் பிரதமர்’ என்று பட்டம் பெற்றவர் ரோபி. கழுத்துவரை பொத்தானிட்ட, காலர் இல்லாத கறுப்பு நீளக் கோட்டும் தட்டைத் தொப்பியும் மெல்லிய பிரம்பும் அவருடைய அடையாளங்கள். ஏதோ கோயில் தர்மகர்த்தா குடித்துவிட்டு வந்தது போன்ற தோற்றம். பச்சையான வேடிக்கை ஒன்றைச் சொல்லிவிட்டு, கூட்டம் சிரித்தவுடன் ‘இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நிறுத்துங்கள்’ என்ற பாவனையில் அந்தப் புருவங்களை உயர்த்துவார்; கூட்டம் இன்னும் சிரிக்கும். அந்தப் புருவங்கள் மயிரால் ஆனவை அல்ல, மையால் ஆனவை. அவற்றை நான் தாளில் வரையும்போது ஒரு மனிதரின் கேலிச்சித்திரத்தை வரையவில்லை. அவர் வரைந்த கேலிச்சித்திரத்தைப் பார்த்து நகல் எடுக்கிறேன். நாற்பது முறையும் எனக்கு நிறைவு வராததற்குக் காரணம் அதுவே என்று இப்போது நினைக்கிறேன். ரோபியே பேனாவும் மசியும் கொண்டு தம்மை வரைந்த படங்கள் சில லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தம் முகத்தை இரண்டு கோடுகளாகச் சுருக்கியவர் அவற்றைத் தாளில் வைப்பதற்கு என்ன சிரமம்.

லிட்டில் டிச் இதைவிடக் கடினமானவர். ஹாரி ரெல்ஃப் என்பது இயற்பெயர். 1867இல் கென்ட் மாவட்டத்தில் பிறந்தவர். உயரம் 4 அடி 6 அங்குலம், அதாவது 54 அங்குலம். அவருடைய புகழ்பெற்ற ஆட்டத்துக்கான பூட்ஸின் நீளம் 28 அங்குலம். அப்பா எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம் கட்டம் போட்டு வரைவது. படத்தின் மேல் சதுரக் கட்டங்கள் போட்டு, சுவரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றி வரைவது. டிச்சின் புகைப்படத்தின் மேல் அப்படிக் கட்டம் போட்டுப் பார்த்தேன். ஆளின் உயரத்தில் பாதிக்கும் மேல் பூட்ஸ். மனித உருவத்தைத் தலையின் ஏழரை மடங்கு என்று கணக்கிட்டுப் பழகிய கைக்கு இது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. இதை இன்னும் எப்படிப் பெரிதாக்குவது? சில போஸ்டர் ஓவியர்கள் பூட்ஸை ஆளைவிட நீளமாக வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் ஆள் காணாமல் போய்விடுகிறார், பூட்ஸ் மட்டும் மிஞ்சுகிறது. நல்ல ஓவியர் பூட்ஸை உள்ள அளவிலேயே விட்டுவிட்டு, அவர் அதன் நுனியில் ஏறி நின்று உடலை முன்னே சாய்க்கும் அந்தக் கணத்தைப் பிடிக்கிறார். பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக 1900இல் எடுக்கப்பட்ட சிறு படம் ஒன்றில் அந்தக் கணத்தை இன்றும் பார்க்கலாம். குள்ளமான மனிதர் திடீரென்று எல்லாரையும்விட உயரமாகி, விழுவதா வேண்டாமா என்று காற்றைக் கேட்பவர்போல் நிற்கிறார். அங்கே வேடிக்கை பூட்ஸில் இல்லை, சாய்வில் இருக்கிறது. ஒரே சாய்கோடு போதும்.

மற்றவர்களைப் பற்றி விரைந்து சொல்லிவிடலாம். ஹாரி டேட்டுக்கு மேடையில் தன்னிச்சையாக ஆடும் ஒட்டு மீசை. மோட்டார் கார் கிளம்பாமல் படுத்தும் பாட்டை நடித்துக் காட்டுவது அவர் சிறப்பு. மேடைக்கு வருமுன் ஹென்றி டேட் சர்க்கரை நிறுவனத்தில் வேலை பார்த்ததால் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். பாலக்கோட்டு ஆலையில் வேலை பார்த்தவர் ‘சர்க்கரை ஆலை’ என்றே பட்டப்பெயர் வைத்துக்கொண்டது போல. வில்கி பார்டு ஏறிய நெற்றியில் புருவங்களுக்கு மேல் இரண்டு கறுப்புப் பொட்டுகள் வைத்துக்கொள்வார். ஸ்காட்லாந்துக்காரரான ஹாரி லாடர், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மேடைக்கு வந்தவர், கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையும் முறுக்கிக்கொண்ட தடியுமாக வருவார். அந்தத் தடி எவ்வளவு பிரபலம் என்றால், முறுக்குக் கிளைகள் கொண்ட ஒரு செடிக்கே ‘ஹாரி லாடரின் கைத்தடி’ என்று ஆங்கிலத்தில் பெயர் நிலைத்துவிட்டது. நம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியை, கறுப்புக் கண்ணாடியையும் கைத்தடியையும் வைத்தே கார்ட்டூன்காரர்கள் வரைந்து தள்ளியது நினைவுக்கு வருகிறது. ஆனால் ராஜாஜி கண்ணாடி போட்டது பார்ப்பதற்காக. லாடர் தடி பிடித்தது பார்க்கப்படுவதற்காக. ஓவியருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

இவர்கள் எல்லாரையும்விட என்னைத் தோற்கடித்துக்கொண்டிருப்பவர் டான் லெனோ. 1860இல் பிறந்தவர், இயற்பெயர் ஜார்ஜ் கால்வின். 5 அடி 3 அங்குல உயரம், ஒல்லி உடல். மரக்காலணி நடனத்தில் சாம்பியன் பட்டம் வென்று, பிறகு நகைச்சுவைக்கு வந்தவர். டிரூரி லேன் அரங்கின் கிறிஸ்துமஸ் நாடகங்களில் 1888 முதல் ஆண்டுதோறும் பெண் வேஷம் கட்டினார். பெருத்த உடலுள்ள ஹெர்பர்ட் கேம்ப்பெல்லும் சிறுத்த லெனோவும் ஜோடியாக நின்றால் அதுவே ஒரு கேலிச்சித்திரம். 1901இல் எட்வர்டு மன்னர் தம் சாண்ட்ரிங்கம் மாளிகைக்கு அழைத்து ஆடச் செய்தார். அதன் பிறகு ‘மன்னரின் விதூஷகர்’ என்று பெயர். 1898இல் அவர் பெயரிலேயே சித்திர இதழ் ஒன்று தொடங்கி ஓராண்டுக்கு மேல் வந்தது. 1903இல் மனநலம் குன்றி, தேறி, மீண்டும் மேடையேறி, 1904 அக்டோபரில் 43 வயதில் இறந்தார்.

அவருக்கு ரோபியைப் போல மாறாத வேஷம் இல்லை. இன்று ஜவுளிக்கடைச் சிப்பந்தி, நாளை லண்டன் டவர் கோட்டையின் காவலாளி, மறுநாள் அண்டை வீட்டு மிஸஸ் கெல்லியைப் பற்றி ஓயாமல் பேசும் அம்மா. மாறாமல் இருந்தது முகம் ஒன்றுதான், ஆனால் அந்த முகமோ ஒரு நொடிகூட நிற்கவில்லை. புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. நடுவகிடு, இயல்பான புருவத்துக்கு மிக உயரே மையால் இழுத்த இரண்டு வில்கள், காதுவரை போகப் பார்க்கும் வாய், நடுவில் எதற்கோ பயந்த இரண்டு கண்கள். அந்தக் காலத்துப் புகைப்படத்துக்காக ஒரு பாவத்தைப் பிடித்து நிறுத்தியவுடன் அது முகமூடியாகிவிடுகிறது. படத்தைப் பார்த்து வரைந்தால் எனக்குக் கிடைப்பது கோமாளி. லெனோ அதில் இல்லை. வில்களும் வாயும் சிரிக்கின்றன, கண்கள் சிரிக்கவில்லை என்பது தெரிகிறது. அதைத் தாளில் வைத்தால் மலிவான ‘சிரிப்புக்குப் பின்னால் சோகம்’ படம் வந்துவிடுகிறது, திருவிழாக் கடையில் விற்கும் கண்ணீர்க் கோமாளிப் படம் போல. அவர் 1901இலிருந்து பதிந்த இசைத்தட்டுகளையும் கேட்டுப் பார்த்தேன். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே வேகமாகப் பேசும் ஒரு குரல். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. முகம் பார்த்துச் சிரித்த கூட்டம் அது.

ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் மாக்ஸ் பியர்போம் 1901இல் கேலிச்சித்திரக் கலையைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஆளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு வரையக் கூடாது, பார்த்துவிட்டு வந்து நினைவிலிருந்தே வரைய வேண்டும் என்கிறார். அவர் அப்படித்தான் வரைந்தார். நினைவு தானாகவே வேண்டாததை உதிர்த்துவிடும் என்பது அவர் கணக்கு. கச்சேரிகளில் வித்வான்களைப் பார்த்து விகடனுக்கு வரைந்த நம் மாலியின் கோடுகளிலும் அந்த உதிர்தலைப் பார்க்கலாம். பாடகரின் கை காற்றில் போகும் வழி இருக்கும், விரல் எத்தனை என்ற கணக்கு இருக்காது. எனக்கு லெனோவைப் பற்றிய நினைவு இல்லை, புகைப்படம்தான் இருக்கிறது. குறை அங்கே தொடங்குகிறது.

உதிர்த்தலில் பெரிய ஆள் ஃபில் மே. லீட்ஸ் நகரத்தவர், 1864இல் பிறந்தவர். சிட்னியில் சில ஆண்டுகள் பத்திரிகைக்கு வரைந்துவிட்டு லண்டன் திரும்பி, பஞ்ச் என்ற நகைச்சுவை இதழில் சேர்ந்து, 1903இல் 39 வயதிலேயே போய்விட்டார். அவருடைய படங்களைப் பார்ப்பவர்கள் சும்மா கிறுக்கியது என்று நினைப்பார்கள். உண்மையில் அவர் முதலில் மடிப்பு, நிழல், பொத்தான் எல்லாவற்றோடும் முழுப்படம் வரைந்து, பிறகு ஒவ்வொரு கோடாக எடுத்துக்கொண்டே வருவார். எதை எடுத்தால் படம் விழுந்துவிடுமோ அதற்கு முந்தைய கோட்டில் நிறுத்துவார். இதற்கு அச்சுத் தொழிலும் ஒரு காரணம். அதற்கு முந்தைய தலைமுறையில் ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்குபவர் ஒருவர் இருந்தார். கோட்டின் உயிர் அவர் உளியில் பாதி போய்விடும். லைன் பிளாக் வந்த பிறகு, பேனாவால் வரைந்த படத்தைப் புகைப்படமாக்கித் துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தில் கோடு அல்லாத இடங்களை அரிக்கவிட்டார்கள். கோடு மேடாக நிற்கும், எழுத்தோடு சேர்ந்தே அச்சாகும். ஆனால் அதற்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும், சாம்பல் தெரியாது. தயங்கிப் போட்ட கோடு தகட்டில் நைந்துபோகும்.

அப்பாவின் தகரப் பெட்டியில் அப்படிப்பட்ட பிளாக் ஒன்று இன்னும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளில் போடுவதற்காக அவர் வரைந்த பிள்ளையார். உள்ளங்கை அளவு மரக்கட்டையின் மேல் நான்கு மூலைகளிலும் ஆணியடித்த தகடு. விரலால் தடவினால் தும்பிக்கை தட்டுப்படும். தும்பிக்கையின் நுனியில் அவர் போட்டிருந்த மெல்லிய மயிர்க்கோடுகள் மட்டும் அரித்துப் போயிருந்தன. ‘அது வேண்டாத கோடு, அதான் ஆசிட் தின்னுடுச்சு’ என்று அப்பா சொல்வார். ஃபில் மேயைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தும்பிக்கைதான். அதே பத்தாண்டில், 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ இதழில் பாரதியாரும் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன். லண்டனில் புருவமும் பூட்ஸும் அச்சேறிய காலத்தில் நம்மிடம் அரசியல்தான் அச்சேறியது. நம் மேடைக் கோமாளிகளை யாரும் வரைந்து வைக்கவில்லை.

அந்தக் குறை எனக்கு உறுத்தியதால், போன சித்திரையில் காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்து நடந்தபோது, ஸ்கெட்ச் புத்தகத்தோடு போனேன். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வேஷம் கட்டுபவர் அப்பாவின் பழைய நண்பர், அறுபதைத் தாண்டியவர், நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். வேஷம் கட்டும் கொட்டகையில், பாயின் மேல் உட்கார்ந்து, இடது கையில் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவர் முகம் எழுதிக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெயில் குழைத்த முத்துவெள்ளையைக் கன்னத்தில் பொட்டுப் பொட்டாக வைத்தார், மூக்கின் நுனியில் செந்தூரம் தீட்டினார், தென்னை ஈர்க்கில் மை தொட்டு ஒரு புருவத்தை மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் இழுத்தார். கூத்துக்காரர்கள் இதை ‘முகம் எழுதுவது’ என்பார்கள், பழைய தமிழில் ஓவியத்தையும் எழுதுவது என்றே சொன்னார்கள், போர்டும் எழுதுவதுதான். ஒரே வினைச்சொல்லை வைத்து மூன்று தொழிலையும் முடித்துவிட்ட மொழி இது.

நான் அவரைப் பரபரவென்று வரைந்து முடித்துக் காட்டினேன். ஏற்ற இறக்கப் புருவம், சிவந்த மூக்கு, கூம்புத் தொப்பி, கன்னத்துப் புள்ளிகள். எல்லாம் சரியாக இருந்தன. சுற்றியிருந்த பிள்ளைகள் பார்த்தவுடன் ‘கட்டியக்காரன்’ என்று கூவினார்கள். அவர் கைக்கண்ணாடியை ஒரு பக்கமும் என் தாளை ஒரு பக்கமும் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்.

‘ஏம் பாப்பா, இது என் மூஞ்சியா, என் மூஞ்சி மேல நான் எழுதுனதா?’

‘ரெண்டும்தான் சித்தப்பா.’

‘நான் எழுதுனதைத்தான் நீ எழுதியிருக்கே. இந்த வேஷத்தை யாருக்குப் போட்டாலும் இந்தப் படம் சரியா வரும். ராத்திரி முழுக்கப் பாத்துட்டு, விடிஞ்சதும் வரைஞ்சு பாரு.’

பியர்போம் கட்டுரையில் எழுதியதை, அவரைக் கேள்விப்படாத ஒருவர் எண்ணெய்க் கையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அன்று இரவு புத்தகத்தைத் திறக்கவில்லை. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது சித்தப்பா அவனைக் கேலி செய்வதையும், ஆர்மோனியக்காரரிடம் வம்புக்கிழுப்பதையும், பீடி பிடித்துக்கொண்டிருந்த முன்வரிசைக் கிழவரின் துண்டைப் பிடுங்கித் தலையில் கட்டிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேடிக்கையைச் சொல்வதற்கு முன்பும் அவர் கீழுதட்டை இலேசாக உள்ளே இழுத்துக்கொள்கிறார். இடது தோள் அரை அங்குலம் இறங்குகிறது. அதைக் கண்டவுடன், வேடிக்கை வருவதற்கு முன்னமே, கூட்டம் சிரிக்க ஆயத்தமாகிவிடுகிறது. விடிந்த பிறகு, துரியோதனன் வீழும் படுகளத்துக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தபோது, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வரைந்தேன். மையும் செந்தூரமும் இல்லை, தொப்பியும் இல்லை. உள்ளே போன உதடு, இறங்கிய தோள், ஒரு பக்கம் சாய்ந்த கழுத்து; ஏழெட்டுக் கோடுகள் இருக்கும். டீ வாங்க வந்த அவருடைய பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஐ, எங்க தாத்தா, பொய் சொல்லப் போறாரு’ என்றாள்.

கேலிச்சித்திரத்தில் ஆளை அடையாளம் காட்டுவது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோபியை வரைந்த நல்ல ஓவியர்கள் புருவத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் அதன்பிறகே கவனித்தேன். அவர்களுடைய படங்களில் புருவம் இருக்கும், ஆனால் அவசரமாக, ஒரு கடமைக்காகப் போட்டதாக இருக்கும்; கவனம் முழுவதும் வயிற்றைத் தள்ளிப் பிரம்பைப் பிடித்திருக்கும் நிற்பில் இருக்கும். ஜான் ஹாசல் போன்ற போஸ்டர் ஓவியர்களுக்கு அந்த நிதானம் வாய்த்திருந்தது. கல் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல் வேண்டும் என்பதால் மூன்று நான்கு நிறங்களைத் தட்டையாகப் பூசி, தடித்த கோட்டுக்குள் அடைப்பார்கள். அப்பா எனாமலில் செய்ததும் அதுவே. நான் ரசிக்காதவை அந்தக் காலத்து வேடிக்கை அஞ்சலட்டைகள். பிரிட்டனில் 1902இல் முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுதலாம் என்று அனுமதித்த பிறகு மறுபக்கம் முழுவதும் படத்துக்குக் கிடைத்தது. கூட்டம் கூட்டமாக ஓவியர்கள் இறங்கினார்கள். பெரிய தலை, சின்ன உடல், அவ்வளவே. இன்று கல்யாண மண்டப வாசலில் ஐந்து நிமிடத்தில் வரைந்து தருகிற படங்களும் அந்த வம்சம்தான். பிழைப்புக்காக நானும் வரைந்திருக்கிறேன்.

வேஷத்தைக் கேலி செய்வதற்கும் உடலைக் கேலி செய்வதற்கும் நடுவே உள்ள கோட்டையும் சொல்ல வேண்டும். லிட்டில் டிச்சுக்குக் கைக்கு ஐந்து விரல்களும் ஒரு கட்டைவிரலும் இருந்தன. அதை அவர் வெட்கப்பட்டு மறைத்தார்; மேடைக்குக் கொண்டுவரவில்லை. பூட்ஸ் அவர் நமக்குக் கொடுத்தது, விரல் அவர் கொடுக்காதது. இதே காரணத்தால், கரி பூசிக்கொண்டு கறுப்பின மனிதராக வேஷம் கட்டிய யூஜின் ஸ்ட்ராட்டன் போன்றவர்களின் படங்களை நான் நகல் எடுப்பதில்லை. அங்கே கலைஞர் கேலி செய்தது தம் முகத்தை அல்ல.

இந்தக் கோடு எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆண்டு மலருக்காக ஆசிரியர்கள் எல்லாரையும் கேரிகேச்சராக வரைந்து தரச் சொன்னார்கள். தலைமைப் பொறுப்பில் இருந்தவரின் இரட்டைத் தாடையைச் சற்றே தாராளமாக வரைந்துவிட்டேன். மலர் அச்சாகி வந்தபோது அந்தப் பக்கத்தில் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் எச்சில் தொட்டு அதை உரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒட்டாமல் விட்டிருந்தால் யாரும் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அடுத்த ஆண்டு வரைகலை வகுப்பு குறைந்து, நூலகப் பொறுப்பு வந்தது. அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ரோபி தம் புருவத்தைத் தாமே எழுதிக்கொண்டு வந்து நின்றார். இவர் அப்படி எதையும் எழுதிக்கொண்டு வரவில்லையே.

லெனோவுக்குத் திரும்புகிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த பிறகு, அவருடைய புகைப்படங்களை மேசையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் பார்க்காமல் இருந்துவிட்டு, புருவ வில்களையும் வாயின் நீளத்தையும் விட்டுவிட்டு, தம்மை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போல் பாதி திரும்பிய ஒரு சிறிய மனிதரை வரைந்தேன். கண்களைப் புள்ளியாகக்கூட வைக்கவில்லை, புருவ மேட்டின் நிழலாக ஒரு கோடு மட்டும். ஒன்பது கோடுகள் ஆயின. இதுவரை வரைந்தவற்றில் இதுதான் அவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சித்தப்பாவின் படத்துக்கு அவர் பேத்தி இருந்தாள். டிரூரி லேனில் லெனோவைப் பார்த்துச் சிரித்த கடைசிக் குழந்தையும் இறந்து பல காலம் ஆகிவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, ‘யாருன்னு தெரியலம்மா, ஆனா ஏதோ சொல்ல வராரு’ என்றார். கழுத்துக்குப் பின்னாலுள்ள கோட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். எடுத்திருக்கிறேன், இப்போது எட்டு.